சுவரில் ஒட்டாத சீட்டு

எங்கள் காலனியில் 'நோக்கம்' என்பது நல்ல வார்த்தை கிடையாது. யாராவது ஒருத்தன் புதுசாக வந்து அளவுக்கு மீறி நல்லவிதமாகப் பேசிவிட்டுப் போனால், அவன் தலை மறைந்ததும் கிழவிகள் கேட்பார்கள்: "அவன் நோக்கம் இன்னாவா இருக்கும்?" ஓட்டுக் கேட்டு வருகிறவன், சீட்டுப் பிடிக்கிறவன், ஏரிக்கரைப் பக்கம் டேப்பை வைத்துக்கொண்டு அளக்கிறவன், எல்லாருக்கும் ஒரு நோக்கம் உண்டு என்பது எங்கள் கணக்கு. அது அவர்கள் வாயால் சொன்னதாக இருக்காது என்பதும் எங்கள் கணக்குதான்.

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு 2019ஆம் வருஷம் நான் செய்த ஒரு காரியத்தை எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இதில் நான் நல்லவனாக வரவில்லை, அதுதான் காரணம்.

திருத்தணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முருகன் கோவில். வருஷத்து நாட்களின் கணக்கில் 365 படி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. கொஞ்சம் படித்தவர்களுக்கு ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர். தமிழ்ப்பற்று உள்ளவர்களுக்கு ம.பொ.சி. போராடி மீட்ட ஊர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி, ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எங்கள் தாத்தா அதைப்பற்றிச் சொன்னது ஒரே வரிதான்: "ஆந்திராவுல இருந்தப்பவும் ஊருக்கு வெளிய இருந்தோம், தமிழ்நாட்டுக்கு வந்தப்புறமும் ஊருக்கு வெளியதான் கீறோம்." அவர் தெலுங்கிலும் இதையே சொல்லுவார். எல்லைப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பெரிய நோக்கம் ஜெயித்த பிறகு காலனியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடந்த இருபது வருஷமாக எங்கள் பக்கத்துக்கு இன்னொரு அடையாளம் சேர்ந்திருக்கிறது. கம்பெனி பஸ். விடிகாலை நாலேகாலுக்கு மெயின் ரோட்டில் போய் நின்றால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன் கண்ணாடியில் ஷிப்ட் நம்பர், உள்ளே தணிகைவேலன் படம், பக்கத்தில் கம்பெனியின் பெயரும் அதன் கீழே ஒரு வாசகமும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரு வாசகம் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதைப் படிக்கிறவர்கள் யாரும் இல்லை. ஏறினால் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு திருவள்ளூர் தாண்டும்வரை தூக்கம்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு 2009இல் அந்த வட்டாரத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். இண்டர்வியூவில் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"எந்த ஊரு தம்பி?"

"திருத்தணி சார்."

"திருத்தணியா, நல்ல ஊரு. திருத்தணியில எங்க?"

ஊர்ப் பெயர் சொன்னேன்.

"தெரியும் தெரியும். எந்தத் தெரு?"

மைக்ரோமீட்டரைப் பற்றி நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். இந்தக் கேள்விக்குப் படித்துக்கொண்டு போகவில்லை. பின்னாளில், 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய ஒரு ஆய்வைப்பற்றித் தோழர் ஒருவர் சொன்னார். தில்லிப் பக்கம் பெரிய கம்பெனிகளில் ஆளெடுக்கிற அதிகாரிகளைக் கண்டு பேசியிருக்கிறார்கள். தகுதி ஒன்றுதான் பார்ப்போம், சாதி எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று சொன்ன அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்ன வேலை, அண்ணன் என்ன படித்தான், எப்படிப்பட்ட வீடு. தில்லியில் குடும்பப் பின்னணி, திருத்தணியில் தெரு. எனக்கு வேலை கிடைத்தது, அதையும் சொல்லவேண்டும். அந்த வருஷம் ஆள் பற்றாக்குறை.

மூன்று வருஷத்தில் நிரந்தரமானேன். லைனில் பொறுப்பாளன். என் கீழ் முப்பத்திச் சொச்சம் பேர், அதில் நிரந்தரம் ஐந்து பேர். மிச்சம் எல்லாம் கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ். ஹவுஸ்கீப்பிங், கேன்டீனில் பாத்திரம், ஸ்கிராப் யார்டு ஆகிய இடங்களில் இருந்தவர்களை எந்தத் தெரு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1928 பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் கிளப்பிய பிரச்சினையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை. நாடாவில் நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்தி உறிஞ்சிக் கோர்க்கவேண்டும், எச்சில் தீட்டு. முதலாளிக்கு அது வசதி, கூட வேலை செய்கிற சாதி இந்துத் தொழிலாளிக்கும் அது சம்மதம். எங்கள் கம்பெனியில் எச்சில் பிரச்சினை கிடையாது, ரோபோ வெல்டிங் அடிக்கிறது. ஆனால் ஸ்கிராப் யார்டில் யார் என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2019 தொடக்கத்தில் கம்பெனியில் 'பர்ப்பஸ்' என்று ஒன்று வந்தது. அதற்கு முன் 'விஷன்' இருந்தது, 'மிஷன்' இருந்தது, ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த ஐந்து 'எஸ்' இருந்தது. இது அவற்றுக்கெல்லாம் மேலே என்றார்கள். சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து, பொறுப்பாளர்கள் எல்லாரையும் ஏ.சி. ஹாலில் உட்காரவைத்து இரண்டு நாள் பாடம் நடத்தினார். நல்ல பேச்சாளர். அவர் சொன்னதை நியாயமாகச் சுருக்கிச் சொல்கிறேன். லாபம் என்பது மூச்சுமாதிரி, மூச்சு விடுவதற்காக யாரும் வாழ்வதில்லை. நாம் எதற்காக இருக்கிறோம் என்று தலைமைக்குத் தெரிந்தால்தான், எந்தத் தொழிலில் இறங்குவது, எதை விடுவது, பணத்தை எங்கே போடுவது என்பதெல்லாம் தெளியும். நோக்கம் வழிகாட்டி, திட்டம் வழி. அமெரிக்காவில் பிளாக்ராக் என்கிற முதலீட்டுக் கம்பெனியின் தலைவர் லாரி ஃபிங்க் 2018 ஜனவரியில் எல்லாக் கம்பெனித் தலைவர்களுக்கும் எழுதின கடிதமே இதைப்பற்றித்தான் என்றார். கம்பெனியின் ஒரே சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது என்று 1970இல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினது காலாவதி ஆகிவிட்டது என்றார். அதே 2019 ஆகஸ்டில் அமெரிக்கப் பெருங்கம்பெனித் தலைவர்கள் 181 பேர், பங்குதாரருக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் சப்ளையருக்கும் ஊருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதையும் பிரிண்ட் எடுத்து எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், இங்கிலீஷில்.

எங்கள் கம்பெனியின் நோக்கம் இங்கிலீஷில் பதினோரு வார்த்தை. அதைத் தமிழில் எழுதி ஷாப் ஃப்ளோரில் இருபதடிச் சுவரில் பெயிண்ட் அடிக்கவேண்டும். கம்பெனியில் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்று என் பெயரை யாரோ சொல்லிவிட்டார்கள். அம்பேத்கர் ஜெயந்திக்கு எங்கள் தெருவில் போர்டு எழுதுகிறவன் நான்தான், அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எப்படியோ எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒளிக்கவேண்டியதில்லை.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மனிதர்களின் வாழ்வை முன்னே கொண்டுசெல்வதே நம் நோக்கம் என்று வந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா பாக்கு இடித்துக்கொண்டிருந்தது.

"யாருடா சொல்றது இத?"

"கம்பெனிம்மா."

"அவுங்க நோக்கத்த நீ எதுக்கு நைனா எழுதிக்கினு கீற? அவுங்களுக்கே தெரியாதா அது?"

நான் விளக்கினேன். உள்நோக்கம் வேறே, நோக்கம் வேறே என்றேன். அம்மா கேட்டுக்கொண்டது. பிறகு, "வாழ்வ முன்ன கொண்டுபோறாங்களாமா? அப்ப நம்ப தெரு பொண்ணுக்கு இன்னும் எதுக்கு கார்டு மாத்திக் கார்டு மாத்திக் குடுக்கறானுங்க?" என்றது.

அந்தப் பெண்ணைப்பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெரு அக்கா. பெயர் வேண்டாம். புருஷன் குடித்துச் செத்தபிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தது. 2016இல் நான்தான் கான்ட்ராக்டரிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டேன். என் லைனிலேயே பாகங்களைப் பரிசோதித்து அடுக்குகிற வேலை. கை சுத்தம், கண் கூர்மை. பஸ்ஸில் என்னைத் தம்பி என்று கூப்பிடும். கேட்டுக்குள் நுழைந்ததும் சார் என்று கூப்பிடும். முதல் நாள் யாரோ சொல்லிக்கொடுத்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் என் மொழிபெயர்ப்பை மேலே காட்டினேன். 'நோக்கம்' வேண்டாம், கொஞ்சம் காட்டமாக இருக்கிறது, 'லட்சியம்' போடுங்கள் என்றார்கள். அவர்கள் காதிலும் அந்த வார்த்தை எங்கள் கிழவிகள் காதில் விழுந்தமாதிரிதான் விழுந்திருக்கிறது போல.

ஆலோசகர் தன் பாடத்தில் நோக்கியாவை உதாரணமாகச் சொன்னார், நோக்கம் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோக்கியா எங்கள் வட்டாரத்துக் கதை, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

பின்லாந்தில் 1865இல் காகிதக்கூழ் ஆலையாக ஆரம்பித்த கம்பெனி. பிறகு ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று என்னென்னவோ செய்தது. 1992இல் யோர்மா ஒல்லிலா தலைமைக்கு வந்தபின் மற்றதையெல்லாம் விற்றுவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றில் இறங்கினார்கள். மனிதர்களை இணைக்கிறோம் என்பது அவர்கள் வாசகம். வெறும் வாசகமாக அது நிற்கவில்லை என்பதுதான் என் வாதம். ஏழை நாட்டு மனிதர்களையும் இணைக்கவேண்டும் என்றால் எப்படிப்பட்ட போன் வேண்டும் என்று யோசித்து 2003இல் 1100 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தூசி போகாத ரப்பர் பட்டன், கையில் வழுக்காத பக்கவாட்டு, தலையில் ஒரு டார்ச் லைட். உலகம் முழுக்க 25 கோடிக்குமேல் விற்றது.

அந்த டார்ச்சைக் கண்டுபிடித்தவனுக்கு எங்கள் காலனியைத் தெரிந்திருக்காது. ஆனால் அது எங்களுக்கென்றே செய்தமாதிரி இருந்தது. எங்கள் ஆயா செத்தது ஒரு ஐப்பசி மாசம். எடுக்கிறதற்குள் இருட்டிவிட்டது. சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது, ஊர்க்காரர்கள் நிலத்து வரப்பில்தான் போகவேண்டும். பெட்ரோமாக்ஸ் மழையில் அணைந்துவிட்டது. மூன்று பேரிடம் அந்த போன் இருந்தது. முன்னால் ஒருத்தன், பாடைக்குப் பக்கத்தில் ஒருத்தன், பின்னால் நான். மூன்று டார்ச் வெளிச்சத்தில் சேற்றில் கால் வைத்துக் கால் எடுத்துப் போனோம். வரப்பை மிதித்துவிட்டார்கள் என்று மறுநாள் சண்டை வந்தது, அது வேறே கதை. எங்களை யாரோடும் இணைக்காத ஊரில் அந்த போன் வெளிச்சமாவது கொடுத்தது.

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று அறிவித்த இடத்தில் நோக்கியாவின் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. போன் விற்கிற இடத்திலேயே போன் செய்வது. அதுவும் அதே நோக்கத்திலிருந்து பிறந்த வியாபாரத் திட்டம்தான். உலகத்தின் பெரிய செல்போன் தொழிற்சாலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்பிள்ளைகள், ப்ளஸ் டூ முடித்த கையோடு, ஆயிரக்கணக்கில் போனார்கள். முதல்முதலாகப் பெண்கள் பேரில் பேங்க் கணக்கு, பெண்கள் கையில் ஏ.டி.எம். கார்டு. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிற தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

2009இலும் 2010இலும் அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 கடைசியில் ஒரு இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் கழுத்து சிக்கி இறந்துபோனார். 2013இல் வருமான வரித்துறை கம்பெனியின் சொத்துக்களை முடக்கியது. அதே வருஷம் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது சென்னைத் தொழிற்சாலை அந்தக் கணக்கில் சேரவில்லை. தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வு வாங்கின பிள்ளைகளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. அந்த வயசில் ஓய்வு.

நோக்கியாவின் நோக்கம் பொய்யாக இருந்தால் எனக்கு எழுத எதுவும் இருந்திருக்காது. அது உண்மை. அந்த நோக்கம்தான் எந்த போனைச் செய்வது, எந்த நாட்டில் செய்வது என்று தீர்மானித்தது. ஆனால் அவர்கள் இணைக்க நினைத்த மனிதர்களில் போனை வாங்குகிறவன் இருந்தான். போனைச் செய்கிறவள் அந்தக் கணக்கில் செலவாக இருந்தாள். கணக்கு மாறியபோது செலவைக் குறைத்தார்கள். அந்த இடத்தை 2019இல் சால்காம்ப் என்கிற இன்னொரு பின்லாந்துக் கம்பெனி வாங்கி சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. பஸ் திரும்ப ஓடியது.

எல்லா நோக்கமும் இப்படித்தான் முடியும் என்றும் சொல்லமாட்டேன். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தடுக்கக்கூடிய குருட்டுத்தனத்தை ஒழிப்பது என்று ஒரு நோக்கம். காசு கொடுக்கிறவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது என்று அதற்கேற்ற கணக்கு. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் அரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள், விலை அடியோடு விழுந்தது. இங்கே நோக்கம் கம்பெனியைச் செலவு செய்ய வைத்திருக்கிறது. நோக்கத்தை நான் நிறுத்துப் பார்க்கிற படிக்கல் அது ஒன்றுதான்: அதற்காகத் தலைமை எதை இழக்கச் சம்மதித்தது?

எங்கள் கம்பெனிக்குத் திரும்புகிறேன். சுவரில் பெயிண்ட் காய்ந்ததும் அடுத்த நிகழ்ச்சி. எல்லாத் தொழிலாளிக்கும் மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். கம்பெனியின் லட்சியம் உங்களுக்கு என்ன அர்த்தம் தருகிறது, மனம் திறந்து எழுதுங்கள், பெயர் போடவேண்டாம். சீட்டை எல்லாம் பெரிய போர்டில் ஒட்டி, மரம் மாதிரி ஜோடித்து, எம்.டி. வரும்போது காட்டவேண்டும். பொறுக்கி ஒட்டுகிற வேலை எனக்கு. "நல்லதா பார்த்து ஒட்டுங்க, ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாம" என்று சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். வேறே எதுவும் சொல்லவில்லை. இதை நான் தெளிவாக எழுதவேண்டும்.

சாயங்காலம் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். கம்பெனி என் தாய் என்று ஒன்று. நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று பத்துப் பதினைந்து. கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஒன்று, அதையும் ஒட்டினேன், தமாஷாக இருக்கட்டும் என்று. ஒரு சீட்டில் இரண்டே வார்த்தை.

480 நாள்?

கையெழுத்து எனக்குத் தெரியும். லைனில் தினமும் பார்க்கிற எழுத்து. 8ஐ இரண்டு வட்டமாகத் தனித்தனியாகப் போட்டு ஒட்டுகிற பழக்கம் எங்கள் தெரு அக்காவுக்கு மட்டும்தான்.

வெளியே இருக்கிற வாசகர்களுக்கு விளக்கவேண்டும். 1981இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு தொழிலாளி 24 மாசத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்திருந்தால் அவரை நிரந்தரம் ஆக்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்டில் வேலை செய்கிற யாருக்கும் இந்த நம்பர் மந்திரம் மாதிரி. சுங்குவார்சத்திரத்தில் சங்கத்துக்காரர்கள் கொடுக்கிற நோட்டீஸில் இருக்கும். கம்பெனிகளுக்கும் இந்த நம்பர் தெரியும். அதனால்தான் கான்ட்ராக்டர் பெயர் மாறும், கார்டு கலர் மாறும், நடுவில் ஒரு வாரம் பத்து நாள் 'பிரேக்' வரும். ஆள் அதே ஆள், நிற்கிற இடம் அதே இடம்.

இருபதடி வாசகத்துக்கு அது கேட்ட கேள்வி. மனிதர்களின் வாழ்வை முன்னே கொண்டுசெல்கிறீர்கள், சரி, 480 நாள் என்ன ஆச்சு? ஆலோசகருக்கு இரண்டு நாளில் கேட்கத் தெரியாத கேள்வி அது. எனக்குக் கேட்கத் தெரிந்தது, கேட்கவில்லை.

அந்தச் சீட்டை நான் ஒட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒட்டினால் யார் எழுதினது என்று தேடுவார்கள், அக்காவுக்குத்தான் ஆபத்து, அதைக் காப்பாற்றத்தான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொன்னேன். பாதி உண்மை. மிச்சப் பாதி, நான் எழுதின சுவருக்குக் கீழே அது தொங்குவதை நான் விரும்பவில்லை. எம்.டி. வந்தார். மரத்தைப் பார்த்தார். என் தோளைத் தட்டினார். போட்டோ இருக்கிறது.

அந்த வருஷமே கம்பெனி எங்கள் பஞ்சாயத்தில் ஒரு குடிதண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் வைத்தது. 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிடவேண்டும். எந்திரத்துக்குமேல் கம்பெனிப் பெயர், நான் எழுதின வாசகம். கோவில்களில் ட்யூப் லைட்டுக்குமேல் உபயம் என்று கொட்டை எழுத்தில் எழுதி வெளிச்சத்தையே மறைத்திருப்பார்களே, அப்படி. எந்திரத்தை வைத்த இடம் ஊர்த்தெரு. காலனியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் போகிறவர்கள் குறைவு. ஏன் என்று எங்கள் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் எந்தத் தெரு என்று கேட்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

2 சதவீதம் லாபத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. லாபம் எப்படி வருகிறது, யாரை எடுக்கிறோம், யாரை நிரந்தரமாக்குகிறோம் என்பதில் அது கைவைப்பதில்லை. அங்கே கைவைக்கச் சொன்னபோது என்ன ஆயிற்று என்பதும் பதிவில் இருக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றிய பேச்சு 2004இலிருந்து சூடுபிடித்தபோது, முதலாளிகளின் சங்கங்களான சி.ஐ.ஐ.யும் அசோசெமும் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டு 2006இல் பதில் சொன்னார்கள். சட்டம் வேண்டாம், நாங்களே மனசாட்சிப்படி செய்கிறோம். பயிற்சி தருகிறோம், ஸ்காலர்ஷிப் தருகிறோம். ஆறு வருஷம் கழித்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவின் முன்னணிக் கம்பெனிகள் ஆயிரத்தின் இயக்குநர் குழுக்களை எண்ணிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 93 சதவீதம் முன்னேறிய சாதிகள். தலித்துகளும் பழங்குடிகளும் சேர்ந்து 3.5 சதவீதம். நோக்கத்தை எழுதுகிற மேஜை அது. அந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவரவில்லை. வரப்பில் பாடை தூக்கிக்கொண்டு போனவன் ஒருத்தன்கூட அங்கே இல்லை என்றால் 'மனிதர்களின் வாழ்வு' என்று எழுதும்போது அவர்கள் கண்ணில் யார் தெரிவார்கள்?

அப்படியானால் நம்மவர்களே முதலாளி ஆகிவிட்டால் சரியாகுமா என்று கேட்கிற மாணவத் தோழர்கள் உண்டு. 2005இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் தொழில் வர்த்தக சபையை ஆரம்பித்தார். வேலை கேட்கிறவர்களாக இருக்காதே, வேலை கொடுக்கிறவர்களாக இரு என்பது அவர்கள் நோக்கம். எனக்கு அதில் முழுநம்பிக்கை கிடையாது, முழு அவநம்பிக்கையும் கிடையாது. கல்பனா சரோஜைப் பார்க்கிறேன். அகோலா ஜில்லாவில் போலீஸ்காரர் மகள், 12 வயசில் கல்யாணம், சித்திரவதை, தற்கொலை முயற்சி, பம்பாயில் பனியன் கம்பெனியில் தினக்கூலி. நொடித்துப்போன கமானி ட்யூப்ஸ் கம்பெனியைத் தொழிலாளிகளே வந்து எடுத்து நடத்தச் சொன்னபோது கையில் எடுத்தார். வங்கிக் கடன் மலையாக இருந்தது, தொழிலாளிகளுக்குப் பழைய சம்பளப் பாக்கி இருந்தது. பாக்கியைக் கெடுவுக்கு முன்பே தீர்த்தார். 2013இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தினக்கூலி வாங்கினவருக்குச் சம்பளப் பாக்கி என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது, அது முடிவெடுக்கிற இடத்தில் வேலை செய்திருக்கிறது. ஆனால் நானும் பனியன் கம்பெனிக்காரன் மாதிரிதான். அக்காவுக்கு என்ன வேண்டும் என்று எனக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. மரத்தை ஜோடித்தவன் நான். நம்மவன் என்பது மட்டும் போதாது என்று சொல்ல எனக்கு ஆய்வுக் கட்டுரை தேவையில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ் நின்றது. ஜூனில் திரும்ப ஓடியபோது லிஸ்டில் அக்கா பெயர் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் பாதிப் பேர் பெயர் இல்லை. யாரும் யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எங்கள் கம்பெனிச் சுவரில் வாசகம் அப்படியே இருந்தது, நடுவே சமூக இடைவெளிக்கு வட்டம் போட்டிருந்தார்கள். அக்கா மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கழுவப் போனது. கிருத்திகை, சஷ்டி வந்தால் ராத்திரி பகல் தெரியாது.

சீட்டு என்னிடமே இருந்தது. டிப்ளமா சர்டிபிகேட் வைத்த பிளாஸ்டிக் கவரில். பிறகு என்னைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள், அதற்கு வேறே காரணம். வெளியே வந்தவனுக்குத் தைரியம் வருவது பெரிய விஷயம் இல்லை. சங்கத்துத் தோழர் ஒருவர் பழைய கான்ட்ராக்ட் ஆட்களின் விவரத்தைத் திரட்டுகிறார் என்று தெரிந்து, அக்கா வீட்டுக்குப் போனேன். சீட்டை எடுத்துக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அக்கா சீட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

"ஒட்டலன்னு அப்பவே தெரியும் தம்பி. சாப்பாட்டு டைம்ல போயி மரம் பூரா தேடிப் பார்த்தேன். சாம்பார் சீட்டு ஒட்டியிருந்த."

என்னால் பேச முடியவில்லை. அது உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தது. கார்டு மூன்று, மூன்று கலர், மூன்று கான்ட்ராக்டர் பெயர், ஒரே போட்டோ. சம்பளச் சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு மாச வாரியாக. அதோடு பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்று. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. பிரேக் விட்ட நாட்களுக்கு வட்டம்.

திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் எண்ணினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டோம். இரண்டாவது கார்டு முடிவதற்குள்ளேயே 480 தாண்டியிருந்தது.